பெட்டி கனம் குறைந்தால், ஈரம் கோத்தால், கூட்டம் ஓடப் பார்த்தால்: சேர்வராயன் மலையில் ஐப்பசி முதல் தை வரை

ஏற்காட்டுப் பக்கம் தேன் பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சோதனைக் காலம் ஐப்பசியில் தொடங்குகிறது. வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் தேனீக்கள் நாள் கணக்கில் வாசலைத் தாண்டாது. மழை ஓய்ந்ததும் மார்கழிப் பனி. காபி பூக்க வேண்டுமானால் கோடை மழை விழ வேண்டும், அதற்குப் பங்குனி ஆகிவிடும். இடையில் இருக்கிற நாலைந்து மாதத்தில்தான் "பெட்டி காலியாகக் கிடக்கிறது, என்ன செய்ய?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

குளிர்காலத் தயாரிப்பு என்று தேடினால் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளிலிருந்து வருபவை. பெட்டியைப் போர்த்தச் சொல்வார்கள், இருபது முப்பது கிலோ தேன் விடச் சொல்வார்கள், உண்ணிக்கு மருந்து வைக்கச் சொல்வார்கள். நம்மிடம் இருப்பது இந்தியத் தேனீ, அதுவும் நியூட்டன் என்ற சிறிய மரப்பெட்டியில். வர்ரோவா உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது. தானே கடித்து அப்புறப்படுத்தும். ஏற்காட்டுக் குளிரில் மட்டும் ஒரு நல்ல கூட்டம் செத்து நான் பார்த்ததில்லை. பசியும் ஈரமும்தான் இங்கே ஆளைச் சாய்க்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்தால் இந்தியத் தேனீ சாகும்வரை காத்திருக்காது, பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும்.

கீழே உள்ள எல்லாச் சோதனைக்கும் ஒரே நிபந்தனை: வெயில் அடிக்கும் நாளில், காலை 11 மணிக்கு மேல், மதியம் 2 மணிக்குள் மட்டும் பெட்டியைத் திறங்கள். மூடுபனி இறங்கியிருந்தால் திறக்கவே வேண்டாம். பாதிப் பிரச்சினையைத் திறக்காமலே வாசலில் நின்று கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கினால் கனமே இல்லை

வாரம் ஒருமுறை அடிப்பலகையோடு சேர்த்துப் பின்பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி இருந்தால் அதையும் தூக்கி ஒப்பிடுங்கள். சில வாரத்தில் கைக்கே தெரிய ஆரம்பித்துவிடும், தராசு தேவையில்லை.

கனம் இல்லையென்றால் ஒருமுறை திறந்து புழு அறையின் (முட்டையும் புழுவும் வளரும் கீழ் அறை) அடைகளைப் பாருங்கள். ஒவ்வொரு அடையின் மேல் ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்காவது மூடிய தேன் இருந்தால் இப்போதைக்குப் பயமில்லை. அது இல்லாமல் அடை வெளிறிக் கிடந்தால் தீவனம் கொடுத்தாக வேண்டும்.

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: புரட்டாசியில் மேலே இருக்கும் தேன் அறையோடு நிறுத்தாமல் புழு அறைத் தேனையும் பிழிந்திருப்பார்கள். இந்த மலையில் புரட்டாசிக்குப் பிறகு எடுக்கிற தேன் கடன் வாங்கிய தேன்தான். தையில் சர்க்கரையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்த காரணம், மழை நீண்டு போனது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே.

வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதன் பிறகு சர்க்கரையைக் கொட்டிக் கலக்குங்கள். அடுப்பில் வைத்தே காய்ச்சினால் சர்க்கரை கருகும், அது தேனீக்கு ஆகாது. ஒரு கூட்டத்துக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்பது வழக்கமான பரிந்துரை. நல்ல மழை வாரத்தில் அதை இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கார்த்திகைக்கு மேல் ஈரக்காற்று தொடர்ந்தால் நீர்ப்பாகு வேண்டாம். அதிலிருக்கும் தண்ணீரை வற்றவைக்கத் தேனீயால் முடியாது, பெட்டிக்குள் ஈரம்தான் கூடும். அப்போது சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கெட்டியாகக் கொடுங்கள்.

சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க நாலு குச்சி அல்லது காய்ந்த புல்லைப் போட்டு, பெட்டிக்குள் சட்டங்களின் மேல் வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது; ஏனென்று அடுத்தடுத்த தலைப்பில் புரியும்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். மனிதனுக்கு நல்லது என்பதெல்லாம் தேனீக்கு நல்லதில்லை. மழையில் அடைபட்டுக் கிடக்கும் நாளில் அது வயிற்றுப்போக்கில் போய் முடியும். கடையில் வாங்கிய தேனும் வேண்டாம், நோய் கூடவே வரலாம்.

பாகு வைத்து இரண்டு நாள் ஆகியும் தொடவே இல்லை என்றால் பிரச்சினை பசி இல்லை. கீழே "முட்டை இல்லை" என்ற தலைப்புக்குப் போங்கள்.

மூடியின் உள்பக்கம் நீர் முத்து, ஓர அடையில் பூசணம்

முதலில் இது கூரை ஒழுகலா, உள்ளே சேர்ந்த மூச்சு ஈரமா என்று பிரித்துவிடுங்கள். மழை நின்று இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் பலகை கறுத்து ஊறியிருந்தால் ஒழுகல். மூடி முழுக்கப் பரவலாக வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

ஒழுகல் என்றால் மூடிமேல் ஒரு தகரத் துண்டு வைத்து, காற்றில் பறக்காமல் கல் ஏற்றினால் போதும். பிளாஸ்டிக் தாளால் பெட்டியையே சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மழை உள்ளே வராது, சரி. ஈரமும் வெளியே போகாது. ஒரு வாரத்தில் பூசணம் இரண்டு மடங்காகும்.

வியர்வை என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்:

பெட்டி முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறதா? பின்காலின் கீழ் ஒரு ஓட்டுச் சில்லு வைத்தாலே தேங்கும் நீர் வாசல் வழியாக வழிந்துவிடும்.

மூடியில் இருக்கும் காற்றுத் துளையைச் சிலந்திக்கூடு அடைத்திருக்கிறதா? குத்தி விடுங்கள்.

தேன் அறை இன்னும் மேலே காலியாக உட்கார்ந்திருக்கிறதா? இறக்கிவிடுங்கள். நாலு சட்டத்தை மட்டும் மூடக்கூடிய தேனீக்கு ஏழு சட்டப் புழு அறையே பெரிய வீடு. தேனீ ஏறாத சட்டங்களை எடுத்துவிட்டு, மீதியை ஒரு பக்கமாக நெருக்கி, தடுப்புப் பலகை வைத்து அறையைச் சுருக்குங்கள். குளிருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். சணல் சாக்கு, வைக்கோல் போர்வை எதுவும் இதற்கு ஈடாகாது.

கடைசியாக, இடம். கோடையில் சில்வர் ஓக் நிழல் அருமையாக இருக்கும். கார்த்திகையில் அதே நிழல் காலை வெயிலை மறைக்கும். ஒரு கிளையைக் கழித்தாலே தீர்ந்துவிடும். அதுவும் முடியாவிட்டால்தான் பெட்டியை நகர்த்துங்கள், அதையும் நாளுக்கு ஓரிரு அடி என்று மெதுவாக. ஒரே நாளில் இருபது அடி தள்ளி வைத்தால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து திகைத்து நிற்கும்.

ஓர அடையில் வெள்ளைப் பூசணம் கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடலாம், தேனீயே சுத்தம் செய்துகொள்ளும். பாதி அடைக்கு மேல் என்றால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

வாசலில் ஒரே கூட்டம்

இதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

*சண்டை இல்லை, பெட்டியைப் பார்த்தபடி அந்தரத்தில் ஆடுகின்றன.* மழை விட்ட மதியம், கால் மணி நேரம் போல நடக்கும். இளம் தேனீக்கள் இடத்தை அடையாளம் படிக்கின்றன. சந்தோஷமான அறிகுறி, கை வைக்காதீர்கள்.

*கட்டிப் புரள்கின்றன, பெட்டியின் இடுக்குகளை மோப்பம் பிடிக்கின்றன.* இது திருட்டு. ரோமம் உதிர்ந்து பளபளவென்று கறுத்த தேனீக்கள் மெலிந்த வயிற்றோடு நுழைந்து, பருத்து வெளியேறும். பலமான பெட்டி, பலமில்லாத பெட்டியைக் கொள்ளையடிக்கிறது. உடனே வாசலை ஒரு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். இடுக்குகளைக் களிமண்ணால் பூசுங்கள். பெட்டிமேல் நனைத்த துணியைப் போர்த்துங்கள். பாகு கொடுப்பதை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். திருடுவது யார் என்று தெரிய வேண்டுமா? வெளியே வருபவற்றின் மேல் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவிவிட்டு மற்றப் பெட்டி வாசல்களில் நின்று பாருங்கள், வெள்ளை பூசிக்கொண்டு எங்கே இறங்குகின்றன என்று. பெரும்பாலும் உங்கள் பெட்டியாகத்தான் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

*பெரிய குளவி ஒன்று வாசல் முன் அலைகிறது.* கதண்டு. மழைக்கு முன்னும் பின்னும் இதன் தொல்லை அதிகம். ஒன்றிரண்டு என்றால் வாசலைச் சுருக்கி, பூப்பந்து மட்டையோடு கொஞ்ச நேரம் காவல் நிற்கலாம். தேனீக்களும் சும்மா இருக்காது. வாசலில் திரண்டு ஒன்றாக உடலைச் சிலிர்க்கும், பிடிபட்ட குளவியை உருண்டையாக மொய்த்து வெப்பத்தாலேயே கொல்லும். ஆனால் தினமும் ஐந்தாறு வந்தால் அருகில் கூடு இருக்கிறது. மரப்பொந்திலோ மண்ணுக்குள்ளோ இருக்கும் அந்தக் கூட்டை நீங்களே கொளுத்தப் போகாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், கதண்டுக் கூட்டை அழிக்க அவர்கள் வருவார்கள். பல கொட்டு வாங்கியவருக்கோ, ஒரே கொட்டில் முகம் வீங்கி மூச்சு வாங்குபவருக்கோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108 அழையுங்கள்.

எறும்புக்குத் தனித் தலைப்பு தேவையில்லை. தாங்கிக் கால்களின் கீழ்க் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தும் எறும்பு ஏறுகிறது என்றால், கிண்ணத்தில் விழுந்த காபிச் சருகோ பெட்டியைத் தொடும் புல்லோ பாலம் கட்டியிருக்கும்.

அடிப்பலகையில் கறுப்புத் தூள், அடையில் நூலாம்படை

மெழுகுப்பூச்சி. காரணம் பூச்சியில் இல்லை, கூட்டம் சிறுத்துப் போனதில் இருக்கிறது. தேனீ மூடியிருக்கும் அடையில் இந்தப் புழு தலைகாட்டாது. இந்தியத் தேனீக்குப் பழைய கறுத்த அடையைக் கடித்து உதிர்க்கும் பழக்கம் உண்டு. அந்த உதிரிதான் அடிப்பலகையில் சேர்ந்து புழுவுக்குத் தீனியாகிறது.

அடிப்பலகையைப் பத்து நாளுக்கு ஒருமுறை சுரண்டித் துடையுங்கள். சுரண்டியதைப் பெட்டியடியில் போடாமல் எரித்துவிடுங்கள். ஒரு சட்டத்தில் மட்டும் சுரங்கம் என்றால் அந்தச் சட்டம் போகட்டும். பாதிச் சட்டங்களில் நூலாம்படை வந்துவிட்டால் அந்தக் கூட்டம் தனியாகத் தேறாது. ராணி நன்றாக இருந்தால் நல்ல அடைக்கு மாற்றிச் சிறிய அறையில் நெருக்குங்கள், இல்லையென்றால் இன்னொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

எடுத்து வைத்த காலி அடைகளை மூடிய பெட்டியில் அடுக்கிக் கந்தகப் புகை போடுங்கள். வீட்டுக்குள் செய்யாதீர்கள். பாச்சை உருண்டை போடுவது சரியே இல்லை, அந்த வாடை மெழுகில் ஏறி அப்புறம் தேன்வரை வரும்.

புழு சாகிறது

இந்தத் தலைப்பில்தான் நிதானம் வேண்டும். குளிர்பட்ட புழுவும் நோய்ப்பட்ட புழுவும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும்.

செத்த புழுக்கள் அடையின் ஓரத்தில் மட்டும் ஒரு வளையமாக இருந்து, நடுப்பகுதி ஆரோக்கியமாக இருந்தால் அது குளிர். தேனீ போதாததால் ஓரத்தை மூட முடியவில்லை. அறையைச் சுருக்குங்கள், தீவனம் கொடுங்கள், அவ்வளவுதான்.

அடையெங்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்திருந்து, மூடிய அறைகளைத் தேனீக்கள் கிழித்துத் திறந்திருந்து, புழு தலையை மேலே தூக்கியபடி படகு மாதிரி வளைந்து கிடந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு ஊசியால் மெதுவாக வெளியே எடுங்கள். உடையாமல், உள்ளே தண்ணீர் நிறைந்த பையாக வந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியைக் காலி செய்தது இதுவே.

மருந்து கிடையாது. கடைக்காரர் தரும் ஆன்டிபயாட்டிக் தூள் வைரஸை ஒன்றும் செய்யாது, தேனைத்தான் கெடுக்கும். செய்யக்கூடியவை: அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். கத்தி, கையுறை, பிரஷ் எல்லாம் அதற்கென்று தனி. நோய் கண்ட அடைகளை எரித்துவிடுங்கள். ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினால், புழுவே இல்லாத இடைவெளியில் தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்துகொள்ளும். நோய் தாக்காத பெட்டியிலிருந்து எடுத்த ராணியால் மாற்றுவது இன்னும் நல்லது. ஆனால் கார்த்திகையில் ராணி வளர்ப்பது கஷ்டம், அதை மாசிக்குப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவது வகை: புழு மஞ்சளாகி, அறைக்குள் சுருண்டு தொய்ந்து, புளித்த வாடை. இது பாக்டீரியா நோயாக இருக்கலாம். இங்கே உங்கள் ஊகத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு துண்டு அடையைக் காகிதத்தில் சுற்றி, செல்போன் படங்களோடு, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிவிடும். ஒரே தோட்டத்தில் இரண்டாவது பெட்டிக்கும் பரவிவிட்டது என்றால் எந்த வகையாக இருந்தாலும் அன்றைக்கே அவர்களிடம் போய்விடுங்கள்.

முட்டை இல்லை, அல்லது ஒரே அறையில் பல முட்டை

மழை வாரத்தில் ராணி முட்டையிடுவதைக் குறைப்பது இயல்பு. பாகு கொடுத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முட்டை வந்திருந்தால் ராணியைத் தேட வேண்டியதே இல்லை.

வரவில்லை என்றால் வேறொரு ஆரோக்கியமான பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு அடையைக் கொடுங்கள். மூன்று நாளில் அதில் ராணி அறை கட்ட ஆரம்பித்தால் ராணி இல்லை என்று உறுதி. ஆனால் புது ராணி பிறந்தாலும் இந்தப் பருவத்தில் பறந்து போய் இணைய ஆண் தேனீயும் இல்லை, வெயிலும் இல்லை. அதனால் ராணி அறையைக் கலைத்துவிட்டு ராணி உள்ள கூட்டத்தோடு சேர்ப்பதே என் வழக்கம். செய்தித்தாளில் ஊசியால் சில துளைகள் போட்டு, ராணியுள்ள பெட்டியின் மேல் விரித்து, ராணி இல்லாத பெட்டியை அதன் மேல் சாயங்காலமாக ஏற்றி வையுங்கள். தாளைக் கடித்துக் கடித்து வாடை கலந்துவிடும், சண்டை வராது.

ஒரே அறையில் நாலைந்து முட்டை தாறுமாறாக ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீயே முட்டையிட ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். இந்தக் கூட்டத்துக்கு ராணி வாங்கிக் கொடுத்தால் கொன்றுவிடும், காசு வீண். பெட்டியைத் தூரமாக எடுத்துப் போய்த் தேனீக்களை உதறிவிடுங்கள். பறக்க முடிந்தவை மற்றப் பெட்டிகளில் போய்ச் சேரும்.

ஓடப் பார்க்கிறது

திட்டமிட்டு ஓடுகிற கூட்டம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். மகரந்தம் கொண்டுவருவது நிற்கும். ராணியின் வயிறு மெலியும், முட்டை இருக்காது. சேமித்த தேன் சரசரவென்று குறையும். கடைசி மூடிய புழுவும் குஞ்சாக வெளிவரும்வரை காத்திருந்து, ஒரு வெயில் நாளில் கிளம்பும். ஆக உங்கள் கையில் ஓரிரு வாரம் இருக்கிறது.

ராணித் தடுப்புத் தகட்டை வாசலில் போட்டால் ராணி வெளியே போக முடியாது, கூட்டம் திரும்பிவிடும். ஆனால் அது தாழ்ப்பாள் மட்டுமே. காரணத்தைத் தீர்க்காமல் வாரக்கணக்கில் விட்டால் தேனீக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று ராணி மட்டும் மிஞ்சும். தகடு போட்ட அன்றே பாகு வையுங்கள், இன்னொரு பெட்டியிலிருந்து மூடாத புழு அடை ஒன்றைக் கொடுங்கள். புழுவை விட்டுவிட்டுப் போக இந்தியத் தேனீக்கு மனசு வராது. பிறகு மேலே சொன்ன வரிசையில் எறும்பு, ஈரம், மெழுகுப்பூச்சி என்று தேடுங்கள். இரவில் காட்டெருமை உரசிப் பெட்டியை ஆட்டியிருக்கிறதா என்றும் காலடித் தடம் பாருங்கள்; எஸ்டேட் ஓரம் என்றால் பெட்டியைத் தாங்கியோடு கயிறு போட்டுக் கட்டுவது நல்லது.

எல்லாம் செய்தும் தேறவில்லை: கீழே இறக்கலாமா?

பத்துப் பெட்டிக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். இரண்டு மூன்றுக்கு வண்டி வாடகை கட்டாது, சர்க்கரையே மலிவு. மலைக்குக் கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் தென்னை வருடம் முழுக்கப் பாளை விடுவதால் மகரந்தத்துக்குக் குறைவிருக்காது. தோப்புக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, பக்கத்து மக்காச்சோளக் காட்டில் படைப்புழுவுக்கு எப்போது மருந்தடிப்பார்கள் என்பது. மருந்து தெளித்த காட்டிலிருந்து வந்த தேனீ நாக்கை நீட்டியபடி வாசலில் குவியலாகச் செத்துக் கிடக்கும். அதற்கு எந்த வைத்தியமும் கிடையாது.

இறக்குவது இரவில்தான். சாயங்காலம் எல்லாம் உள்ளே வந்ததும் வாசலைக் கம்பி வலையால் அடையுங்கள். சட்டங்கள் ஆடாமல் இடையில் ஆப்பு வையுங்கள். வண்டி போகும் திசைக்கு நேராகச் சட்டங்கள் இருக்கும்படி பெட்டியை ஏற்றுங்கள், பிரேக் போடும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதாது. சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. தேன் நிறைந்த புது அடை இருந்தால் மலையிறங்கும் முன்பே உடைந்து ராணியை நசுக்கிவிடும், அப்படிப்பட்டதை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். திரும்ப மேலே கொண்டுவர மாசிக் கடைசி சரியான நேரம். காபி பூ விரிந்து சில நாளில் வாடிவிடும், அதற்குள் கூட்டம் இடம் பழகி நிற்க வேண்டும்.